சிங்கப்பூரில் மனம் சோர்ந்தால் எங்கே போவது, என்ன கொண்டுபோவது, எவ்வளவு ஆகும்

இதைத் தேடிப் படிக்கிறீர்கள் என்றால், சில வாரங்களாக உங்களுக்குத் தூக்கம் சரியில்லாமல் இருக்கலாம். இல்லாவிட்டால் உங்கள் வீட்டிலோ அறையிலோ ஒருவர் முன்போல் இல்லை. என் தம்பி இங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான், தங்குவிடுதியில் இருக்கிறான். அவனுக்கு உதவி தேடி அலைந்தபோது ஒன்று புரிந்தது. இந்த ஊரில் உதவிக்குக் குறைவில்லை. ஆனால் எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று தமிழில் எடுத்துச்சொல்ல ஆள் கிடைப்பதில்லை. கதவு மாறிப்போனால் பணமும் வாரங்களும் வீணாகும். அதைவிட மோசம், ஏற்கெனவே சோர்ந்திருப்பவர் "இங்கே எதுவும் நடக்காது, விடு" என்று ஒதுங்கிவிடுவார்.

நான் மருத்துவர் இல்லை. எந்த நோய், எந்த மருந்து என்று நான் சொல்ல முடியாது. வழி மட்டும் சொல்கிறேன். கட்டணங்கள் அவ்வப்போது மாறும் என்பதால் போவதற்கு முன் தொலைபேசியில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

1. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மற்ற எதையும் படிக்க வேண்டாம்

உங்களுக்கோ கூட இருப்பவருக்கோ "இனி இருந்து என்ன பயன்" என்ற எண்ணம் வலுவாக வந்துவிட்டதா? பாஸ், அட்டை, காசு எல்லாவற்றையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்போதே அழையுங்கள்:

உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸ் 995. அரசு மனநல மருத்துவமனையான மனநலக் கழகத்தின் (ஐஎம்எச்) உதவி எண் 6389 2222, 24 மணி நேரமும். சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் எண் 1767, அதுவும் 24 மணி நேரமும். பேச வராவிட்டால் 9151 1767 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதலாம். வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஹெல்த்சர்வ் அமைப்பு நடத்தும் நெருக்கடி உதவி எண் 3129 5000.

நேரில் போக வேண்டுமென்றால் பூவாங்கோக்கில் இருக்கும் மனநலக் கழகத்தின் அவசர சிகிச்சைப் பிரிவு இரவு பகலாகத் திறந்திருக்கும். முன்பதிவும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். எங்கே போனாலும் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். டாக்சியில் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே போங்கள்.

நம் ஆட்கள் பலர் தயங்கி நிற்பதற்குக் காரணம் போலீஸ் பயம். 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் தற்கொலை முயற்சி குற்றமில்லை. உதவி கேட்டால் வழக்கு வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2. உங்கள் கையில் இருக்கும் அட்டை எது?

இங்கே ஒரே சிகிச்சைக்கு அட்டையைப் பொறுத்துக் கட்டணம் மாறும். அதனால் முதலில் அட்டையைப் பாருங்கள்.

குடிமக்கள் (இளஞ்சிவப்பு அடையாள அட்டை): பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக், அரசு நடத்தும் மருத்துவ நிலையம்) மருத்துவரைப் பார்க்க இருபது வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) முடிந்துவிடும், மருந்துக்குத் தனி. சாஸ் (அரசின் மருத்துவ மானியத் திட்டம்) அட்டை இருந்தால் அதில் சேர்ந்த தனியார் கிளினிக்குகளிலும் மானியம் உண்டு. சாஸ் குடிமக்களுக்கு மட்டும்தான்.

நிரந்தரவாசிகள் (நீல அடையாள அட்டை): மானியம் உண்டு, குடிமக்களுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. மெடிசேவ் (சம்பளத்திலிருந்து மருத்துவச் செலவுக்கென்று பிடித்துவைக்கும் சேமிப்புக் கணக்கு) இருக்கும்.

எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ், சார்ந்திருப்போர் பாஸ், நீண்டகால வருகை அனுமதி: பலதுறை மருந்தகத்துக்குப் போகலாம், ஆனால் முழுக் கட்டணம். கம்பெனி காப்புறுதியில் வெளிநோயாளி சிகிச்சை சேருமா, மனநலம் சேருமா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. "காப்புறுதியின் முழு விவரத் தாளை அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் போட்டால் போதும்.

வேலை அனுமதி: கட்டுமானம், கப்பல் பட்டறை, செயல்முறை (எண்ணெய், ரசாயன ஆலைகள் போன்றவை) துறைகளில் இருப்பவர்களுக்கும், தங்குவிடுதிகளில் இருப்பவர்களுக்கும் 2022 ஏப்ரல் முதல் முதலாளியே அடிப்படை மருத்துவத் திட்டம் ஒன்றை வாங்கித்தர வேண்டும். அந்தத் திட்டத்துக்கான மருத்துவ நிலையத்தில் ஒரு தடவைக்கு நீங்கள் கொடுப்பது 5 வெள்ளி. தொலைபேசிவழி மருத்துவரைப் பார்த்தால் 2 வெள்ளி. இது தெரியாமல் வெளியே தனியார் கிளினிக்கில் 60, 70 வெள்ளி கொடுத்துவிட்டு வருகிற தம்பிமார் நிறையப் பேர். மருத்துவமனையில் சேர நேர்ந்தால், வேலை அனுமதிக்கும் எஸ் பாஸுக்கும் முதலாளி எடுத்திருக்க வேண்டிய காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி.

3. மருத்துவருக்கு முன் ஒரு பேச்சு, அது இலவசம்

ரொம்பப் பேர் நேராக மனநல மருத்துவரைத் தேடுகிறார்கள். எல்லாருக்கும் அது தேவைப்படாது. முதலில் ஒரு பயிற்சி பெற்ற ஆளிடம் பேசுங்கள். அடுத்து மருத்துவர் வேண்டுமா, வேண்டாமா என்பதை அவரே சொல்வார்.

தேசிய மனநல உதவி எண் 1771. இது 2025 ஜூனில் தொடங்கியது. எந்த நேரமும் அழைக்கலாம். உயிர் போகிற நெருக்கடி இருந்தால்தான் கூப்பிட வேண்டும் என்பதில்லை. "மனசு பாரமாக இருக்கிறது, யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை" என்பதற்கே கூப்பிடலாம்.

சிண்டா (இந்தியச் சமூகத்துக்கான உதவி அமைப்பு): எண் 1800 295 4554, அலுவலகம் பீட்டி ரோட்டில். தமிழில் பேசலாம். குடும்பத் தகராறு, பணநெருக்கடி, பிள்ளை வளர்ப்பு எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தால் இங்கே தொடங்குவது நல்லது.

குடும்பச் சேவை நிலையம்: வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) பேட்டைகள் எல்லாவற்றுக்கும் ஒரு நிலையம் உண்டு. உங்கள் வீட்டு அஞ்சல் குறியீட்டைச் சொன்னால் எந்த நிலையம் என்று சொல்வார்கள். எண் 1800 222 0000.

வெளிநாட்டு ஊழியர் என்றால் மேலே சொன்ன ஹெல்த்சர்வ். என் தம்பி முதலில் பேசியது அப்படியொரு ஆலோசகரிடம்தான். வீட்டு வேலைக்கு வந்திருக்கும் சகோதரிகளுக்கு இல்லப் பணியாளர் நிலையம் இருக்கிறது. எண் 1800 2255 233, இதுவும் 24 மணி நேரம்.

அழைத்ததும் முதல் வாக்கியமே "தமிழில் பேசுகிறவர் இருக்கிறாரா?" என்று இருக்கட்டும். இல்லை என்றால், எப்போது கிடைப்பார், அவரே திரும்ப அழைப்பாரா என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம் என்று தொடங்காதீர்கள். வேலையிடத்தில் சமாளிக்கிற ஆங்கிலம் வேறு. நள்ளிரவில் நெஞ்சில் ஏறி உட்காருவதைச் சொல்ல அது போதாது. பாதி சொல்லி பாதி விழுங்கினால் எதிரே இருப்பவர் "லேசான மனஅழுத்தம்" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

4. போவதற்கு முன் அரைப்பக்கம் எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

மருத்துவர் அறையில் உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம் இருக்கலாம். அந்தப் பத்து நிமிடத்தில் நம் ஆட்கள் சொல்வது "தலைவலி டாக்டர், பசி இல்லை, நெஞ்சு படபடக்கிறது". எல்லாம் உண்மைதான். மருத்துவரும் தலைவலிக்கும் வயிற்றுக்கும் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார். என் தம்பிக்கு இரண்டு கிளினிக்குகளில் இப்படித்தான் ஆனது. உடம்பைச் சொன்ன மாதிரியே மனதையும் சொல்ல வேண்டும். நேரில் வாய் வராது, அதனால் எழுதிக் கொண்டுபோக வேண்டும்.

அவனும் நானும் உட்கார்ந்து எழுதிய தாள் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"தீபாவளி முடிந்ததிலிருந்து இரவு 2 மணிக்கு விழிப்பு. அப்புறம் தூக்கம் இல்லை. சாப்பாடு ஒரு வேளைதான். எடை குறைந்திருக்கிறது. ஞாயிறு கிரிக்கெட்டுக்குப் போவதில்லை. அம்மா போன் செய்தால் எடுக்கப் பிடிக்கவில்லை. வேலையில் அளவு தப்புகிறது, இரண்டு முறை மேற்பார்வையாளர் திட்டினார். குடி: சனிக்கிழமை மட்டும் இருந்தது, இப்போது வாரத்தில் மூன்று நாள். சாகலாம் என்ற எண்ணம்: ஒருமுறை வந்தது, இப்போது இல்லை. ஊரில் அப்பாவுக்கும் இப்படி இருந்தது. இப்போது எடுக்கும் மாத்திரை: எதுவும் இல்லை."

எப்போதிருந்து, என்ன மாறியது, எதை விட்டுவிட்டீர்கள், குடி எவ்வளவு, அந்த எண்ணம் வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, என்ன மருந்து எடுக்கிறீர்கள். இத்தனையும் இருக்கட்டும். குடியை மறைக்காதீர்கள், அதைத் தெரிந்துகொண்டுதான் மருந்தையே முடிவு செய்வார்கள். தாளை மருத்துவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதித்தர நண்பர் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது.

பல இடங்களில் ஒன்பது கேள்வி கொண்ட ஒரு படிவமும் கொடுப்பார்கள். கடந்த இரண்டு வாரத்தில் இது எத்தனை நாள் இருந்தது என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. தமிழிலும் அந்தப் படிவம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். இது பரீட்சை இல்லை. நல்ல பெயர் வாங்குவதற்காகக் குறைத்துப் போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

5. பலதுறை மருந்தகமா, பக்கத்து கிளினிக்கா?

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தில் தொடங்குங்கள். சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்கான இணையக் கணக்கு) வைத்து ஹெல்த்ஹப் செயலியில் நேரம் பதிவு செய்யலாம். காலையில் நேரம் சீக்கிரம் நிறைந்துவிடும், மதியத்தைப் பாருங்கள். சில பலதுறை மருந்தகங்களில் மனநலத்துக்கென்றே பயிற்சி பெற்ற மருத்துவரும் ஆலோசகரும் இருக்கிறார்கள். பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை அல்லது பாஸ், எழுதிய அரைப்பக்கம், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளும் அட்டையோடு (ஊரிலிருந்து கொண்டுவந்த லேகியம், சூரணம் உட்பட), ஏதாவது ரத்தப் பரிசோதனைத் தாள் இருந்தால் அது, வேலை அனுமதி என்றால் கம்பெனி கொடுத்த மருத்துவத் திட்ட விவரம்.

மருத்துவர் ரத்தம் எடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு மூன்றும் மனச்சோர்வு போலவே ஆளைச் சுருட்டிப் போடும். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு பி12 குறைவது சாதாரணம். அது மட்டும்தான் காரணம் என்றால் வழி எளிது.

6. பரிந்துரைக் கடிதத்தில்தான் பணம் இருக்கிறது

இதில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள், நிதானமாகப் படியுங்கள்.

அரசு மருத்துவமனையில் மனநல நிபுணரை மானியத்தோடு பார்க்க வேண்டுமானால், பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதம் வேண்டும். சாஸ் அட்டை வைத்திருப்பவர்களுக்குச் சாஸ் கிளினிக் கடிதமும் செல்லும். சீக்கிரம் பார்த்துவிடலாம் என்று நேராக மருத்துவமனையை அழைத்து நேரம் வாங்கினால் தனியார் நோயாளி என்றே பதிவாகும். அப்போது மானியம் கிடையாது. அப்படிப் பதிவான பிறகு மானியத்துக்கு மாறுவது எளிதில்லை. அந்த முதல் வருகையின் கணக்கு மட்டுமில்லை இது. ஆறு மாதம், ஒரு வருடம் தொடர்ந்து போக வேண்டியிருக்கலாம், அத்தனை தடவைக்கும் சேர்த்து யோசியுங்கள். குடிமக்களுக்கு நிபுணர் கட்டணத்தில் மானியம் வருமானத்தைப் பொறுத்து 30 முதல் 70 விழுக்காடு வரை.

மெடிசேவ்: பெரும் மனச்சோர்வு, பதற்றநோய், இருதுருவக் கோளாறு, மனச்சிதைவு ஆகிய நான்கும் நாட்பட்ட நோய்த் திட்டத்தில் இருக்கின்றன. ஆண்டுக்கு 500 வெள்ளி, சிக்கலான நிலை என்றால் 700 வெள்ளி வரை எடுக்கலாம். பில்லில் 15 விழுக்காட்டைக் கையிலிருந்து கட்ட வேண்டும். மெடிசேவ் இல்லாதவருக்குக் கணவர், மனைவி, பெற்றோர், பிள்ளை கணக்கிலிருந்து கட்டலாம். திருமணமாகி வந்து நீண்டகால வருகை அனுமதியில் இருக்கும் பெண்கள் கணவரின் கணக்கைக் கேளுங்கள். உடன்பிறந்தவருக்குக் கட்ட வேண்டுமானால் அவர் குடியுரிமையோ நிரந்தரவாசமோ பெற்றிருக்க வேண்டும். என் கணக்கில் பணம் இருந்தும் தம்பிக்குக் கொடுக்க முடியாமல் போனது இதனால்தான்.

காத்திருப்பு: மானியத்தில் முதல் நேரம் கிடைக்கச் சில வாரங்கள் ஆகும், கூடுதலாகவும் ஆகலாம். யாராவது நேரத்தை ரத்து செய்தால் அழையுங்கள் என்று சொல்லிவையுங்கள். இடையில் நிலைமை மோசமானால் அந்தத் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள். முதல் பகுதிக்குத் திரும்புங்கள்.

16 முதல் 30 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஆர்ச்சர்டில் ஸ்கேப் கட்டடத்தில் சாட் என்ற நிலையம் இருக்கிறது. மனநலப் பரிசோதனை இலவசம், பரிந்துரைக் கடிதமும் வேண்டாம்.

தனியார் உளவியலாளர் என்றால் ஒரு அமர்வுக்கு நூறு வெள்ளிக்கு மேல், இருநூறைத் தாண்டுவதும் உண்டு. விரைவில் நேரம் கிடைக்கும். வசதி இருந்தால் தாராளமாகப் போங்கள்.

7. காத்திருக்கும் வாரங்களை வெறுமனே விடாதீர்கள்

தேதி கிடைத்துவிட்டது. அதுவரை என்ன? இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை, எனக்கோ இதுதான் முக்கியம் என்று படுகிறது. ஏனென்றால் குணமாவது பெரும்பாலும் மருத்துவர் அறைக்கு வெளியில்தான் நடக்கிறது.

முதலில் தூக்கம். நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. ஊரில் இரவு ஒன்பது மணிக்கு எல்லாரும் சாப்பிட்டு ஓய்ந்து போன் செய்யும்போது இங்கே பதினொன்றரை. ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் படுத்தால் பன்னிரண்டரை. காலை ஐந்தரைக்கு லாரி. வாரத்தில் ஐந்து நாள் இப்படிப் போனால் எவருக்கும் மனம் தளரும். வீட்டாரிடம் சொல்லி அழைப்பை ஊர் நேரம் ஆறரைக்கு, அதாவது இங்கே ஒன்பது மணிக்கு மாற்றுங்கள். கோபித்துக்கொண்டால், மருத்துவர் சொன்னார் என்று சொல்லுங்கள். எங்கள் அம்மா முதலில் வருத்தப்பட்டார். பிறகு அவரே ஆறரைக்கு விளக்கேற்றிய கையோடு அழைக்கத் தொடங்கிவிட்டார்.

அப்புறம் நடை. காலை வெயில் முகத்தில் படும்படி அரை மணி நேரம் போதும். தேசியப் பூங்காக் கழகம் மனநலத்தை மனதில் வைத்தே சில பூங்காக்களில் நலந்தரும் தோட்டங்களை அமைத்திருக்கிறது. முதலாவது 2016இல் ஹார்ட்பார்க்கில் திறந்தது. பீஷான்–அங் மோ கியோ பூங்கா, தியோங் பாரு பூங்கா, ஜூரோங் ஏரித் தோட்டம் ஆகிய இடங்களிலும் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை, பதிவு இல்லை, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். வாசனைச் செடிகளைக் கிள்ளி முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கலாம். தங்குவிடுதியிலிருந்து அவ்வளவு தூரம் வர முடியாதவர்கள் விடுதியைச் சுற்றியே, போனை அறையில் வைத்துவிட்டு நடக்கலாம்.

கோயிலுக்குப் போகிற பழக்கம் இருந்தால் விடாதீர்கள். சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன் கோயில், சற்றுத் தள்ளிப் பெருமாள் கோயில் என்று எந்தச் சந்நிதியாக இருந்தாலும், கூட்டமில்லாத வார நாள் மாலையில் போய்ப் பாருங்கள். வேண்டுதல் எதுவும் இல்லாமல் தூணோரம் உட்கார்ந்திருந்தாலே மூச்சு சீராகும். நம்பிக்கை இல்லாதவர்களுக்கு நூலகம் இருக்கிறது. உறுப்பினர் அட்டை இல்லாமலேயே உள்ளே உட்கார்ந்து தமிழ்ப் புத்தகங்கள் படிக்கலாம்.

ஒரு சின்ன நோட்டில் தினமும் மூன்று வரி: எத்தனை மணி நேரம் தூங்கினேன், என்ன சாப்பிட்டேன், இன்று எது கொஞ்சம் லேசாக இருந்தது. மூன்றாவது வரியில் "எதுவும் இல்லை" என்று பல நாள் எழுத வேண்டிவரும். எழுதுங்கள். தம்பியின் நோட்டில் பக்கம் பக்கமாக அப்படித்தான் இருந்தது. ஒரு நாள் "மழை வரும்போது கிரேன் எல்லாம் நிறுத்தினார்கள், சும்மா நின்று பார்த்தேன்" என்று எழுதியிருந்தான். அவனுக்கு முதலில் திரும்பியது பசி. அடுத்து தூக்கம். சிரிப்பு ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தது. உங்களுக்கு வரிசை மாறலாம். மனம் உடனே மகிழ்ச்சியாகிவிட்டதா என்று தினம் சோதித்துப் பார்த்தால் ஏமாற்றம்தான். பசியைக் கவனியுங்கள், தூக்கத்தைக் கவனியுங்கள். அந்த நோட்டையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள், அவருக்கு மிகவும் உதவும்.

8. மாத்திரை பற்றி

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதல். முதல் வாரத்தில் குமட்டல், தலைசுற்றல் வரலாம், பலன் தெரியாது. "ஒத்துக்கவில்லை" என்று பாதியில் விடுகிறவர்கள் இந்த வாரத்தில்தான் விடுகிறார்கள். விடாமல் மருந்தகத்தை அழைத்துக் கேளுங்கள். ஆனால் மாத்திரை தொடங்கிய நாட்களில் பதற்றம் கூடினாலோ சாகும் எண்ணம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

நன்றாகிவிட்டது என்று தோன்றியதும் நிறுத்தாதீர்கள். பொதுவாக, குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். குறைப்பதும் படிப்படியாகத்தான்.

ஊரிலிருந்து தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை வரவழைப்பது பெரிய ஆபத்து. சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத மருந்துவரை கொண்டுவரலாம் என்பது சாதாரண மருந்துகளுக்கான விதி. கட்டுப்பாட்டில் உள்ள சில தூக்க, பதற்ற மாத்திரைகளுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் மருந்தின் பெயரைப் போட்டுப் பார்த்து, பயணத்துக்குக் குறைந்தது பத்து வேலை நாள் முன்பே விண்ணப்பியுங்கள். மருத்துவரின் சீட்டு ஆங்கிலத்தில், உங்கள் கடவுச்சீட்டில் உள்ள பெயரிலேயே இருக்க வேண்டும். வேறொருவர் பெட்டியில் கொடுத்தனுப்பச் சொல்லவே சொல்லாதீர்கள், மாட்டுவது அவர்.

9. வேலை, எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று), முதலாளி

வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆனவர்களுக்குச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. மூன்று மாதத்தில் 5 நாள், ஆறு மாதம் முடிந்தால் ஆண்டுக்கு 14 நாள். மருத்துவமனையில் சேர்ந்தால் மொத்தம் 60 நாள் வரை. வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் வரும் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் இது பொருந்தும். வீட்டுப் பணியாளர்கள் அந்தச் சட்டத்தில் வருவதில்லை. விடுப்பு எடுத்ததை 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்துவிட வேண்டும். எம்சியை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பி, அனுப்பியதை அழிக்காமல் வையுங்கள்.

எம்சியில் பொதுவாக நோயின் பெயர் இருக்காது. என்ன எழுதுவீர்கள் என்று மருத்துவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மேற்பார்வையாளர் துருவிக் கேட்டால் "உடல்நலமில்லை, மருத்துவர் ஓய்வு சொன்னார்" என்பது முழு உண்மையான பதில். ஆனால் உயரத்தில் ஏறுகிறவர்கள், கிரேன், போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் மாத்திரை எடுப்பதை மருத்துவரிடம் சொல்லி, எந்த வேலை செய்யலாம் என்று எழுதி வாங்குங்கள். இதில் மறைத்தால் போவது உங்கள் உயிரோ பக்கத்து ஆளின் உயிரோதான்.

"சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்" என்ற பயம் விடுதிகளில் எல்லாரிடமும் இருக்கிறது. பயப்படாதே என்று நான் வெறுமனே சொல்லப்போவதில்லை. முதலில் ஆலோசகரிடம் பேசி, என்ன சொல்வது, யாரிடம் சொல்வது என்று தீர்மானித்துவிட்டுப் பிறகு கம்பெனியிடம் போங்கள். பாஸை ரத்து செய்வதாகவோ டிக்கெட் போடுவதாகவோ சொன்னால், புரியாத தாளில் கையெழுத்துப் போடாமல் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை 6536 2692 என்ற எண்ணில் அழையுங்கள். அதுவும் 24 மணி நேரம்.

10. யாரிடம் பணம் கொடுக்கக் கூடாது

சோர்ந்திருக்கும் நேரத்தில் கண்ணில் படுவதெல்லாம் நிவாரணமாகத் தெரியும். ஹீலிங், எனர்ஜி, மூன்று நாளில் மனக்கவலை நீங்கும் என்று விளம்பரம் செய்து ஆயிரக்கணக்கில் முன்பணம் கேட்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். பரிகாரம் என்று சொல்லிச் சம்பளத்தில் பாதியைக் கேட்பவர்களும் உண்டு. பத்து அமர்வுக்கும் இப்போதே கட்டு என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்து என்று சொல்பவரிடமிருந்தும் அப்படியே.

மருத்துவர் என்றால் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் பெயர் இருக்கும், இணையத்தில் தேடலாம். உளவியலாளர் என்றால் சிங்கப்பூர் உளவியல் சங்கத்தின் பதிவேட்டையும், ஆலோசகர் என்றால் சிங்கப்பூர் ஆலோசனைச் சங்கத்தின் பதிவேட்டையும் பாருங்கள். எங்கே படித்தீர்கள், யார் மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள் என்று நேராகவே கேட்கலாம். நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் ஆலோசகர் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக் கேளுங்கள். தம்பிக்கு இரண்டாமவரிடம்தான் வாய் திறந்தது.

11. ஊருக்கே திரும்புகிறீர்கள் என்றால்

ஒப்பந்தம் முடிந்தோ உடம்புக்காகவோ திரும்புகிறவர்கள் கடைசி நேரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். டிக்கெட் தேதி தெரிந்ததுமே மருத்துவரிடம் சொல்லி, நோயின் பெயர், மருந்தின் வேதிப்பெயர், அளவு, எப்போது தொடங்கியது ஆகிய நான்கும் உள்ள ஒரு சுருக்கக் குறிப்பு வாங்குங்கள். முழு மருத்துவ அறிக்கை வேண்டுமென்றால் தனிக் கட்டணம், தயாராக வாரக்கணக்கில் ஆகும். அதனால் முன்பே விண்ணப்பியுங்கள். ஊரில் முதல் மருத்துவர் கிடைக்கும்வரை போதுமான மாத்திரையும், அதற்கான சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டுச் சரக்கில் அனுப்ப வேண்டாம். பாஸ் ரத்தானதும் கம்பெனி மருத்துவத் திட்டமும் நின்றுவிடும், ஆகவே கடைசி மருத்துவச் சந்திப்பை அதற்கு முந்தைய வாரத்தில் வையுங்கள்.